அந்நிய மண்ணில் ஒரு சபை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேற்று நாட்டில் சபை தொடங்கி நடத்துவது குறித்து வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சுருக்கி ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: வேலையின் நிமித்தம் வேற்று நாட்டில் குடியேறிய நான்கு குடும்பங்கள் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபித்து வருகிறோம். இந்தக் கூடுகையை, எங்களவர் மட்டுமன்றி அந்நாட்டு மக்களும் தயக்கமின்றி வரக்கூடிய சபையாக வளர்க்க விரும்புகிறோம். முதலில் செய்ய வேண்டியது என்ன?

பதில்: இந்தச் சபை யாருக்காக என்ற கேள்விக்கு நான்கு குடும்பத்தாரும் தனித்தனியே பதில் எழுதி, பிறகு அவற்றை ஒன்றாக வைத்துப் படித்துப் பாருங்கள். தாய்மொழியில் பாடவும் ஜெபிக்கவும் ஏங்குகிற புலம்பெயர்ந்தோருக்கான சபை ஒரு வகை. பல நாட்டவரும் உள்ளூர் மக்களும் ஒன்றாகக் கூடும் சபை வேறொரு வகை. இரண்டுக்கும் தேவை உண்டு. முதல் வகையை நடத்திக்கொண்டே பெயர்ப்பலகையில் மட்டும் இரண்டாவதை அறிவிக்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அந்தப் பலகையை நம்பி உள்ளே வருகிற உள்ளூர்க்காரர், தமக்கு விளங்காத மொழியில் இரண்டு மணி நேரம் பொறுமையாக அமர்ந்திருந்துவிட்டுப் போவார், மறுபடி வரமாட்டார்.

அடுத்து, அந்த நகரத்தில் ஏற்கெனவே உள்ள சபைகளுக்குச் சில மாதங்களேனும் சென்று பாருங்கள். மற்றவர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டாதபடி தாம் கவனமாயிருந்ததைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். நீங்கள் விரும்புகிற ஊழியத்தை ஒரு சபை ஏற்கெனவே அங்கு செய்துவருமானால், அதில் சேர்ந்து உழைப்பதே மேல். அதனால் உங்கள் அழைப்பு பொய்யாகிவிடாது. அப்படி ஒன்று இல்லையென்றால், அங்குள்ள போதகர்களிடம் உங்கள் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். எந்தப் பகுதியில் சபை இல்லை, எந்த மக்களை யாரும் எட்டவில்லை, வழிபாட்டுக்கு இடம் வாடகைக்குத் தருபவர் யார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுடைய சபையின் விசுவாசிகளை இழுத்துக்கொள்ள வந்தவர் என்ற சந்தேகத்தைத் தொடக்கத்திலேயே நீக்கிவிடுவதும் நல்லது.

இன்னொன்றை மிகவும் வலியுறுத்துகிறேன். அப்போஸ்தலருடைய நடபடிகள் 13ஆம் அதிகாரத்தில் அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, பர்னபாவையும், பின்னர் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலையும் அனுப்புகிறது. 14ஆம் அதிகாரத்தின் முடிவில் அவ்விருவரும் திரும்பி வந்து, நடந்தவற்றை அதே சபையின் முன் அறிவிக்கிறார்கள். அனுப்பியவர்களும் கேட்கும் உரிமை உள்ளவர்களும் அவர்களுக்கு இருந்தார்கள். யாரும் அனுப்பாமல், யாருக்கும் கணக்கு ஒப்புவிக்காமல், ஒருவருடைய தரிசனத்தின் பெயரால் மட்டும் தொடங்கப்படும் சபையில் அந்த ஒருவர் தவறும் நாளில் அவரைத் திருத்த ஆளிருக்காது. தாய்ச்சபையோ, ஒரு திருச்சபை அமைப்போ, அந்நாட்டிலேயே முதிர்ந்த போதகர்கள் இருவர் மூவரோ, யாராயிருந்தாலும் சரி, உங்களைக் கேள்வி கேட்கும் அதிகாரத்தை எழுத்துமூலம் அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பொது ஆராதனையை அவசரப்பட்டு அறிவிக்க வேண்டாம். பிரசங்கம், பாடல், பிள்ளைகள், கணக்கு ஆகிய நான்கையும் ஒரே தம்பதி சுமக்கும் நிலையில் தொடங்கினால் முதலில் சோர்வடைவது அவர்களாகவே இருக்கும். பவுலின் ஊழியத்தால் பிலிப்பியில் உருவான சபைக்கு, விசுவாசியான லீதியாளின் வீடு போதுமானதாக இருந்தது.

கேள்வி: வீட்டில் கூடி ஜெபிப்பதற்கும் அரசு அனுமதி வேண்டுமா? சபையைப் பதிவு செய்வது அவசியமா?

பதில்: நாட்டுக்கு நாடு சட்டம் மாறுவதால் அங்குள்ள வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். எவ்வளவு மாறும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டும் அறக்கொடை அமைப்பு பொதுவாக அறக்கொடை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் சமயப் பணியாளருக்கென்றே ஆர்-1 என்ற தனி விசா உண்டு. அதற்கு விண்ணப்பிப்பவர் முந்தைய இரண்டு ஆண்டுகளாவது அதே திருச்சபைப் பிரிவில் உறுப்பினராயிருந்திருக்க வேண்டும், அதில் தங்கும் காலமும் ஐந்து ஆண்டுகளைத் தாண்டாது. நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியல் சாசனமோ, 26ஆவது பிரிவில், ஒருவரை மதம் மாற்றுவதையே தடை செய்கிறது.

வேறு வேலைக்காகப் பெற்ற விசாவில் இருப்பவர், சம்பளம் வாங்காமல் போதகராகச் செயல்படுவதும் சில இடங்களில் விதிமீறலாகலாம். சுற்றுலா விசாவில் வந்தவரை மாதக்கணக்கில் பிரசங்கிக்க வைப்பதும் அப்படியே. கர்த்தருடைய வேலைக்குத் தாள்கள் தடையாகலாமா என்று ஒரு வாசகர் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார். கட்டுப்பாடுகள் உள்ள நாட்டில் சட்டம் மீறப்பட்டால் அந்நியர் பெரும்பாலும் நாடு கடத்தப்படுவதோடு தப்பிவிடுகிறார். அவரை நம்பி வந்த உள்ளூர் விசுவாசிதான் அங்கேயே இருந்து விசாரணையையும் வேலையிழப்பையும் அனுபவிக்கிறார். அந்த ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது, நம்முடையது அன்று.

கேள்வி: புதியவர்களை வாசலிலேயே கைகுலுக்கி வரவேற்கிறோம், முதல் வரிசையில் இடம் தருகிறோம், எழுந்து நிற்கச் செய்து அறிமுகப்படுத்திக் கைதட்டுகிறோம். ஆயினும் பெரும்பாலோர் இரண்டாம் முறை வருவதில்லை. எங்கே தவறுகிறோம்?

பதில்: எழுந்து நிற்கச் செய்வதை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நிறுத்திவிடுங்கள். அறிமுகமற்ற கூட்டத்தின் முன் நிறுத்தப்படுவது பலருக்குக் கௌரவமாகத் தோன்றுவதில்லை, கூச்சத்தையே தருகிறது. தம் குடும்பத்தாருக்குத் தெரியாமல் வந்திருப்பவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம், அதிலும் யாரேனும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. முதல் வரிசையும் அத்தகையதே. எப்போது எழுவது, எப்போது அமர்வது என்று அறியாதவர் பிறரைப் பார்த்துப் பின்பற்ற வேண்டுமானால் அவருக்கு முன்னால் நாலு பேர் இருக்க வேண்டும்.

வரவேற்பைப் பற்றிப் புதிய ஏற்பாடு பேசும் இடங்களில் முகமலர்ச்சியைக் காட்டிலும் இருக்கையும் விளங்கும் பேச்சும்தான் முன்னிற்கின்றன. பொன்மோதிரம் அணிந்து வந்தவருக்கு நல்ல இடத்தையும், கந்தை உடுத்தி வந்தவருக்கு நிற்கும் இடத்தையும் காட்டுகிற சபையை யாக்கோபு தம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். விளங்காத பாஷைகளில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில் வெளியாள் ஒருவர் உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம் பிடித்தவர்கள் என்று நினைக்கமாட்டாரா என்று 1 கொரிந்தியர் 14இல் பவுல் கேட்கிறார். ஆராதனையில் வெளியாள் வந்து அமர்வார் என்பதையும், அவருக்கு விளங்க வேண்டும் என்பதையும் அவர் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார்.

ஆகவே உங்கள் ஆராதனை முறைமையை ஒருமுறை வெளியாளின் கண்ணால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாருங்கள். காணிக்கை எடுக்கும்போது, விருந்தினரிடம் இதை எதிர்பார்ப்பதில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லப்படுகிறதா? திருவிருந்தில் யார் பங்குபெறலாம், பங்குபெறாதவர் அந்நேரத்தில் என்ன செய்யலாம் என்பது முன்கூட்டியே சொல்லப்படுகிறதா, அல்லது அவர் வரிசையில் வந்து நின்ற பிறகு திருப்பி அனுப்பப்படுகிறாரா? வேத வசனம் வாசிக்கப்படும்போது அந்தப் புத்தகம் வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்குப் பக்க எண் கிடைக்கிறதா? அறிவிப்புகளைக் கவனியுங்கள்: “வாலிபர் கூடுகை வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில் நடைபெறும்” என்ற வாக்கியம், வழக்கம் தெரிந்தவர்களைத் தவிர மற்றெல்லோரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. பொதுஜெபத்தில் ஒருவருடைய நோயையோ குடும்பச் சிக்கலையோ அவருடைய சம்மதமின்றிச் சொல்வதும் அப்படித்தான்; நாளை நம் கதையும் இங்கே பேசப்படும் என்று புதியவர் புரிந்துகொள்வார்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் ஆராதனை முடிந்தபின் வரும் கால்மணி நேரம் மிச்சமிருக்கிறது. பெரும்பாலான இழப்பு நேருவது அப்போதுதான் என்பது என் கருத்து. வாசலில் நிற்க நியமிக்கப்பட்டவர்கள் தம் கடமையை முடித்துவிட்டார்கள். மற்றவர்கள் ஒரு வாரத்துச் செய்திகளைத் தம் நண்பர்களோடு தம் மொழியில் பரிமாறிக்கொள்கிறார்கள். புதியவர் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியேறுகிறார். முதல் பத்து நிமிடங்கள் ஏற்கெனவே அறிந்தவர்களோடு பேசுவதில்லை என்றும், பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காத மொழிக்கு நடுவில் மாறுவதில்லை என்றும் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம். பழகுவதற்குச் சில மாதங்கள் ஆகும். யாரையாவது வீட்டுக்கு அழைப்பதானால் அது போதகரின் வீடாக மட்டும் இருக்க வேண்டாம். போதகர் அழைப்பது அவருடைய வேலை என்றே புதியவர் எண்ணிக்கொள்வார், வேறொருவர் அழைப்பதை அப்படி எண்ணமாட்டார்.

பிள்ளைகளோடு வருகிற பெற்றோர் முதலில் பார்ப்பது, ஞாயிறு பள்ளியில் யார் பிள்ளைகளோடு இருக்கிறார்கள் என்பதை. எந்த அறையிலும் ஒரு பெரியவர் தனியே பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, பொறுப்பேற்பவர்களின் பின்னணி அந்நாட்டுச் சட்டப்படி சரிபார்க்கப்பட வேண்டும், புகார் வந்தால் சபைக்குள் மூடிவைக்காமல் உரிய அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். “நம்மவர்தானே” என்ற நம்பிக்கை இவ்விஷயத்தில் செல்லாது.

கடைசியாக, புதியவருக்கு ஒரு வேலை கொடுங்கள். நாற்காலி அடுக்குவது, வேதபாடம் வாசிப்பது, ஒலிபெருக்கியைக் கவனிப்பது, எதுவாயினும் சரி. விசுவாச அறிக்கையோ ஞானஸ்நானமோ தேவைப்படும் பொறுப்புகளுக்குக் காத்திருக்கலாம். மற்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் வருகிறவரை இன்னமும் விருந்தினராகவே நடத்துகிற சபைகள் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் சபையில் மொழியால் இரண்டு கூட்டங்கள் உருவாகிவிட்டன. மொழிபெயர்ப்பு வைத்தும் பிணக்கு தீரவில்லை. எங்கள் பிள்ளைகளோ வீட்டு மொழியில் பிரசங்கம் கேட்க மறுக்கிறார்கள். தனித்தனி ஆராதனையாகப் பிரித்துவிடலாமா?

பதில்: எருசலேம் சபைக்கே வந்த பிணக்கு இது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் புறக்கணிக்கப்பட்டதாக முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் சபையைப் பிரிக்கவில்லை. புத்திமதி சொல்லி அனுப்பிவிடவும் இல்லை. பந்தி விசாரணைப் பொறுப்பையே ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, குறை சொன்ன தரப்போடு ஒட்டியவர்களின் கையிலேயே அது சென்றது என்று கருத இடமிருக்கிறது. மொழிபெயர்ப்பு வைத்தும் பிணக்கு தீரவில்லை என்கிறீர்கள். உங்கள் மூப்பர் குழுவில், கணக்குக் குழுவில், பாடல் தேர்ந்தெடுக்கும் குழுவில் மற்ற மொழிக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தீர்மானங்கள் ஒரு மொழியில் எடுக்கப்பட்டு மற்ற மொழியில் அறிவிக்கப்படும்வரை மொழிபெயர்ப்பைக் கேட்கும் காதுக்கருவி எவ்வளவு நல்லதாயிருந்தும் பயனில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரின் ஏக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் தாய்மொழியைக் காப்பதும் விசுவாசத்தைக் கையளிப்பதும் இரு வேறு கடமைகள். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரே பிரசங்கத்தின்மீது ஏற்றினால் இரண்டும் கெடும். வாலிபர்கள் தாம் சிந்திக்கிற மொழியில் வேதத்தைக் கேட்கட்டும். தாய்மொழிப் பாடல்களையும் ஜெபங்களையும் வீடும் முதியோரின் கூடுகைகளும் அவர்களுக்குக் கொடுக்கட்டும். தனி ஆராதனை தவிர்க்க முடியாததானால், ஒரே மூப்பர் குழு, ஒரே கணக்கு, ஒன்றாகப் பங்குபெறும் திருவிருந்து என்ற மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: போதகரின் சம்பளத்தைத் தாய்ச்சபை அனுப்பிக்கொண்டே இருக்கலாமா, அல்லது போதகர் வேறு வேலை பார்க்க வேண்டுமா?

பதில்: இரண்டுக்கும் வேதத்தில் முன்மாதிரி உண்டு. கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். பிலிப்பியர் அனுப்பிய உதவியையும் நன்றியோடு ஏற்றார். வெளியிலிருந்து வரும் பணம் தொடக்கத்தில் தேவைப்படலாம், ஆனால் அதற்கு முடிவுத் தேதி குறித்திருக்க வேண்டும். சீனாவில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரி ஜான் நீவியஸ் 1890இல் கொரியாவுக்குச் சென்று அங்கிருந்த இளம் மிஷனெரிகளோடு பேசியபோது சொன்னவை இன்றும் கவனிக்கத்தக்கவை: விசுவாசிகள் தம் தொழிலை விடாமல் அங்கிருந்தே சாட்சி பகரட்டும், சபை தன்னால் தாங்கக்கூடிய பணியாளரை மட்டும் வைத்துக்கொள்ளட்டும், ஆலயத்தைத் தங்கள் செலவில் தங்கள் நாட்டு முறையில் கட்டிக்கொள்ளட்டும். கொரியச் சபைகளின் வளர்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும் அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் மிஷனெரிகள் இந்த முறையைப் பின்பற்றியது வரலாறு.

காணிக்கையை உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ண வேண்டும். சபையின் பணம் போதகரின் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு நாளும் இருக்கக் கூடாது. பவுலே தனியாகப் பணம் கொண்டுபோகவில்லை என்பதை 2 கொரிந்தியர் 8இல் பாருங்கள்.

கேள்வி: சபையைத் தொடங்கியவர் அந்நியர். உள்ளூர் விசுவாசிகள் இன்னும் முதிர்ச்சியடையவில்லை. தலைமையை எப்போது அவர்களிடம் ஒப்படைப்பது?

பதில்: “இன்னும் முதிர்ச்சியடையவில்லை” என்பது அந்நியத் தலைமை மிக நீண்ட காலமாகச் சொல்லிவரும் காரணம். ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல்; அந்த மிஷனில் ஆரோன் என்ற உள்ளூர்க்காரர் போதகராக அபிஷேகம் பெற்றது 1733இல், சீகன்பால்கு மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து. ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் செயலராயிருந்த ஹென்றி வென், சுய ஆளுகை, சுய ஆதரவு, சுயமாகப் பரவுதல் ஆகிய மூன்றும் உள்ள சபையை உருவாக்கிவிட்டு மிஷனெரி விலக வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வாதாடினார். அவருடைய ஆதரவால் 1864இல் மேற்கு ஆப்பிரிக்காவில் சாமுவேல் அஜாயி குரோதர் முதல் ஆப்பிரிக்க ஆங்கிலிக்கன் பேராயரானார். ஆனால் குரோதரின் கடைசி ஆண்டுகளில் இளம் ஐரோப்பிய மிஷனெரிகள் அவருடைய பணியாளர்கள்மேல் குற்றஞ்சாட்டி அதிகாரத்தைப் பறித்தார்கள். 1891இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் ஓர் ஐரோப்பியர். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டதால் அங்கே நேர்ந்த மனக்கசப்பு, கொடுக்காமலிருந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதைவிடப் பெரியது.

பவுலின் வழி வேறு. லீஸ்திரா, இக்கோனியா, பிசீதியா நாட்டு அந்தியோகியா ஆகிய இடங்களில் சபைகள் உருவான அதே பயணத்தின் திரும்பும் வழியிலேயே மூப்பரை ஏற்படுத்திவிட்டு அவர் புறப்பட்டார். சீனாவில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் குருவானவர் ரோலண்ட் ஆலன் 1912இல் எழுதியபோது தம் காலத்து மிஷனெரிகளின் முன் வைத்த கேள்வியின் மையம் இதுவே. புதிதாய் விசுவாசித்தவரைக் கண்காணியாக, அதாவது சபையை மேற்பார்வையிடுபவராக, ஆக்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 3 எச்சரிக்கிறதே என்பீர்கள், அது நியாயமே. ஆனால் உங்கள் கேள்வியில் முதிர்ச்சியின் அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நம்மைப் போலவே பிரசங்கிப்பவர், நம்மைப் போலவே கூட்டம் நடத்துபவர் முதிர்ந்தவர் என்று கொண்டால், அப்படி ஒருவர் வரவே மாட்டார்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசியதையும் இங்கே நினைவுகூரலாம். மிஷனெரிகள் தம் உடைமைகளையும் உயிரையும் கொடுத்ததை நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டு முடித்தார். அரங்கிலிருந்த பலருக்கு அது உறுத்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1912இல், அவரே முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார்.

நடைமுறையில் இவ்வாறு செய்யலாம். முதல் ஆண்டிலேயே மூப்பர் குழுவில் உள்ளூர் விசுவாசி ஒருவரேனும் முழு வாக்குரிமையோடு அமரட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, தொடங்கியவர் இல்லாமல் ஒரு மாதம் சபை முழுமையாக நடக்கட்டும். எது தடுமாறியது என்று பார்த்து அதில் பயிற்சி கொடுங்கள். கையளித்த பிறகு ஒரு தீர்மானம் உங்களுக்குப் பிடிக்காமல் போகும். உபதேசத்தையோ ஒழுக்கத்தையோ தொடாத வரையில் அதைத் திருத்தப் புறப்படாதீர்கள். தொடங்கியவர் வெளியேறிய பின்னும் முன்வரிசையில் அமர்ந்து முகம் சுளித்துக்கொண்டிருந்தால் எந்தப் புதிய போதகராலும் பேச முடியாது.

கேள்வி: புகலிடம் கோரி வந்தவர்கள் சிலர் ஞானஸ்நானம் கேட்கிறார்கள். விசாவுக்காகக் கேட்கிறார்களோ என்ற ஐயம் இருக்கிறது.

பதில்: ஐயத்தை அவர்கள் முகத்தில் காட்டாமல், எல்லோருக்கும் ஒரே ஆயத்த வகுப்பை, ஒரே கால அளவில் வையுங்கள், அவசரமாகக் கொடுக்கவும் வேண்டாம், கூடுதலாக இழுக்கவும் வேண்டாம். அதிகாரிகளுக்குக் கடிதம் கேட்டால், நீங்கள் நேரில் அறிந்ததை மட்டும் எழுதுங்கள்: எப்போதிலிருந்து வருகிறார், எந்த வகுப்பை முடித்தார், எந்தப் பொறுப்பில் இருக்கிறார். உள்ளத்தைக் குறித்துச் சான்றிதழ் தர உங்களால் இயலாது. சொந்த நாட்டில் ஆபத்து உள்ளவரின் ஞானஸ்நானப் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் சபையில் எல்லோரும் ஒப்பந்த வேலைக்காரர்கள். பயிற்றுவித்தவர்கள் இரண்டு ஆண்டுகளில் வேறு நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். இப்படி ஒரு சபையை எப்படி நடத்துவது?

பதில்: ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கொரிந்துவுக்கு வந்தவர்கள், அங்கிருந்து எபேசுவுக்குப் போனார்கள், பிறகு மறுபடியும் ரோமில் காணப்படுகிறார்கள். எபேசுவில் அவர்கள் வீட்டில் ஒரு சபை கூடியது, ரோமிலும் கூடியது. அவர்களை இழந்ததற்காகக் கொரிந்து சபை வருந்தியிருக்கலாம், ஆனால் அவர்கள் போன இடங்கள் வெறுமையாயிருக்கவில்லை.

எந்தப் பொறுப்பிலும் இருவர் இருக்கட்டும், அவர்களில் ஒருவராவது அந்நாட்டிலேயே நிலைத்திருப்பவராக இருந்தால் நல்லது. கணக்குப் புத்தகம், வாடகை ஒப்பந்தம், கடவுச்சொற்கள், பிள்ளைகளின் பதிவேடு ஆகியவை ஒருவருடைய மடிக்கணினியோடு விமானமேறிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படுகிறவர் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகத் தம் பொறுப்பைக் கையளிக்க வேண்டும். கெங்கிரேயா ஊர் பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி ரோமருக்குப் பவுல் எழுதியதுபோல, அவர் போய்ச் சேரும் நகரத்துச் சபைக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் என்னென்ன செய்யக்கூடியவர் என்பதையும் அதில் குறிப்பிட்டு அனுப்புங்கள்.